நினிவேக்குக் கிடைத்த மன்னிப்பு: நீதியையும் இரக்கத்தையும் ஒரே வாயால் போற்றலாமா?

நினிவே என்கிற ஒரே நகரத்தைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் இரண்டு சிறு நூல்கள் இருக்கின்றன. யோனாவின் நூலில் அந்நகரம் இரட்டுடுத்தி மனந்திரும்புகிறது. கடவுள் தண்டனையைக் கைவிடுகிறார். தீர்க்கதரிசிக்கோ கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. நாகூமின் நூலில் அதே நகரத்தின் அழிவு அறிவிக்கப்படுகிறது. தீர்க்கதரிசி அதைக் கொண்டாடுகிறார். இருவரும் சான்றுக்கு எடுப்பது ஒரே பகுதியைத்தான். பொன் கன்றுக்குட்டி விவகாரத்துக்குப் பிறகு மோசேயின் முன்னிலையில் கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் அறிக்கை அது. யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் உள்ளது. முதற்பாதி அவரை இரக்கமும் நீடிய பொறுமையும் உள்ளவராக, அக்கிரமத்தை மன்னிப்பவராகக் காட்டுகிறது. பிற்பாதி, குற்றவாளியை அவர் சும்மா விடுவதில்லை என்கிறது. தகப்பனின் குற்றத்தை மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிப்பார் என்றும் சேர்க்கிறது. யோனா முதற்பாதியை மட்டும் சொல்லி, இப்படிப்பட்டவர் என்று தெரிந்துதானே ஓடிப்போனேன் என்று குறைப்படுகிறார். நாகூம் பொறுமையைப் பேருக்குத் தொட்டுவிட்டுப் பிற்பாதிக்குத் தாவிவிடுகிறார்.

யோனாவின் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஞாயிறு பள்ளிப் பாடங்கள் ஒதுக்கிவிடுவதுண்டு. நினிவேயை ஆண்ட அசீரியா எப்படிப்பட்ட அரசு என்று அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. கி.மு. 701இல் யூதாவின் லாகீசு நகரைப் பிடித்த அசீரிய மன்னன் சனகெரிப், அந்த வெற்றியைத் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் செதுக்கிவைத்தான். அந்தக் கற்பலகைகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. கழுவேற்றப்பட்ட மூன்று பேர், தரையில் கிடத்தித் தோலுரிக்கப்படுபவர்கள், மூட்டை முடிச்சுகளோடு மாட்டுவண்டியில் நாடு கடத்தப்படும் குடும்பங்கள் எல்லாம் அவற்றில் உண்டு. யோனாவின் நூல் நினிவே கி.மு. 612இல் வீழ்ந்து நெடுங்காலத்துக்குப் பின் எழுதப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் அதன் முதல் வாசகர்கள், தங்கள் முன்னோரைக் கழுவேற்றிய நகரத்துக்கு மன்னிப்பு கிடைத்த கதையை வாசித்தவர்கள்.

கிறிஸ்தவ வழிபாடு இந்த இரண்டு பாதிகளையும் ஒரே மூச்சில் போற்றச் சொல்கிறது: உம்முடைய தீர்ப்பும் செம்மையானது, உம்முடைய கிருபையும் பெரியது, இரண்டையும் தாழ்மையோடு ஏற்கிறோம். இது பொருளுள்ள பேச்சா, முரண்பாட்டைப் பக்தியால் மூடுவதா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலான பதில்கள் விஷயத்தைக் கடவுளுக்கும் பாவிக்கும் இடையிலான இருவர் வழக்காகவே எடுத்துக்கொண்டன. அந்த எல்லைக்குள் அவை கணிசமான வெற்றியும் பெற்றன. பாவத்தால் அடிபட்ட மூன்றாம் மனிதர் வழக்கில் சேர்ந்ததும்தான் எல்லாம் தடுமாறுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு கடவுள்கள்

மிக எளிய தீர்வு, இரண்டையும் பிரித்துவிடுவது. கருங்கடற்கரைச் சினோப்பே நகரத்துக் கப்பல் உரிமையாளர் மார்சியோன் அதைத்தான் செய்தார். உலகைப் படைத்து, சட்டம் கொடுத்து, கணக்குப் பார்த்துத் தண்டிப்பவர் ஒரு கடவுள். இயேசு வெளிப்படுத்தியவர் அதுவரை யாரும் அறிந்திராத, நன்மையே உருவான வேறொரு கடவுள். 144 வாக்கில் உரோமைச் சபை அவரை விலக்கியது. அவர் எழுதியவை அழிந்துவிட்டன. எதிரிகள் எழுதிய மறுப்புகள் வழியாகவே அவரை அறிகிறோம் என்பதால் அவர் நிலையைச் சற்று எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய கேள்வி இன்றும் சாகவில்லை. பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்று போகிறபோக்கில் சொல்லும் எந்தக் கிறிஸ்தவரும் தெரியாமலே அவர் வழியில் நடக்கிறார்.

இரேனியுவும் தெர்த்துல்லியனும் கொடுத்த பதிலின் சாரம் இன்றும் வலுவாகவே உள்ளது. நீதியிலிருந்து நன்மையைப் பிரித்தால் இரண்டுமே கெட்டுவிடும் என்றார் இரேனியு. மார்சியோனுக்கு எதிராக ஐந்து நூல்கள் எழுதிய தெர்த்துல்லியன், தீமையைக் கண்டும் அசையாத நன்மை எப்படி நன்மையாகும் என்று கேட்டார். தீமையைத் தடைசெய்துவிட்டு, அதைச் செய்தவரிடம் கணக்குக் கேட்காத கடவுளின் தடைக்கு என்ன மதிப்பு? பிரிப்பது வழியல்ல என்பதை இந்த வாதம் நிறுவிவிட்டது. சேர்ப்பது எப்படி என்பதை அது சொல்லவில்லை.

கடனும் ஈடும்

அந்த வேலையை முதலில் முறையாக எடுத்துச் செய்தவர் ஆன்செல்ம். 1077–78இல் எழுதிய ‘புரோஸ்லோகியோன்’ நூலின் 9 முதல் 11 வரையான அதிகாரங்களில் அவர் கேள்வியைப் பிரார்த்தனை வடிவிலேயே கேட்கிறார்: நீதியே உருவான நீர் தீயோரை எப்படி விட்டுவிடுகிறீர்? தண்டிக்கும்போது கடவுள் நீதியுள்ளவர், ஏனென்றால் தண்டனை குற்றத்துக்குப் பொருந்துகிறது. மன்னிக்கும்போதும் அவர் நீதியுள்ளவர், ஏனென்றால் மன்னிப்பு அவருடைய நன்மைக்குப் பொருந்துகிறது என்ற இடத்துக்கு வந்துசேர்கிறார். ஒரே மாதிரிக் குற்றம் செய்த இருவரில் ஒருவருக்கு ஏன் மன்னிப்பு, மற்றவருக்கு ஏன் தண்டனை என்பது மட்டும் நம் அறிவுக்கு எட்டாது என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறார். இருபது ஆண்டுகள் கழித்து, காண்டர்பரி பேராயராக இங்கிலாந்து அரசனோடு பிணங்கி இத்தாலியில் இருந்தபோது, 1098இல் ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்ற நூலை முடித்தார். பாவம் என்பது கடவுளுக்கு உரிய மதிப்பைப் பறிப்பது. அதற்கு ஒன்று ஈடு வேண்டும், இல்லையேல் தண்டனை வேண்டும். ஈடு செலுத்தக் கடன்பட்டவர் மனிதர், செலுத்த வல்லவர் கடவுள். ஆகவே கடவுளே மனிதராக வேண்டியிருந்தது. இந்த வாதத்தில் இரக்கம் நீதியைத் தள்ளிவிடுவதில்லை. நீதி கேட்டதை இரக்கமே கொண்டுவந்து கொடுக்கிறது.

மதிப்பு, ஈடு என்ற சொற்களைப் பார்த்து இது நிலப்பிரபுத்துவச் சிந்தனை என்று பலர் விமர்சித்திருக்கிறார்கள். துறவற ஒழுங்கும் அகுஸ்தினிடமிருந்து வந்த ஒழுங்கழகு பற்றிய எண்ணமும் இதில் அதே அளவு கலந்திருப்பதாகச் சொல்வோரும் உண்டு. இரண்டாவது கூற்றுக்கே ஆதாரம் கூடுதல் என்று தோன்றுகிறது. பேதுரு அபெலார்துவின் மறுப்பு வேறு வகை: மாசற்ற ஒருவரின் இரத்தத்தைக் கேட்டுப் பெற்றுச் சமாதானமாகும் கடவுளை எப்படிப் போற்றுவது? சிலுவை கடவுளைச் சமாதானப்படுத்தவில்லை, அது காட்டும் அன்பு நம் உள்ளத்தை மாற்றுகிறது என்றார் அவர். மனதைத் தொடும் விளக்கம்தான். ஆனால் மாறிய உள்ளம் பழைய குற்றத்தை என்ன செய்யும் என்று கேட்டால் அபெலார்துவிடம் வலுவான பதில் இல்லை.

சீர்திருத்தக் காலத்தில் ஆன்செல்மின் ஈடு, தண்டனையாக மாறியது. பாவிக்குரிய தண்டனையைக் கிறிஸ்து அவர் இடத்தில் நின்று ஏற்றார் என்ற வடிவத்தைக் கால்வினும் அவர் வழிவந்தோரும் வளர்த்தார்கள். மிஷனரிகள் வழியாகத் தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் பிரசங்க மேடைகளுக்குப் பெரும்பாலும் வந்துசேர்ந்ததும் இந்த வடிவமே. இதைக் கூர்மையாகத் தாக்கியவர் பவுஸ்து சொசினு. 1578இல் எழுதி 1594இல் அச்சான அவருடைய நூலின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கடன் அடைக்கப்பட்டால் அது மன்னிக்கப்படவில்லை, மன்னிக்கப்பட்டால் யாரும் அடைக்க வேண்டியதில்லை, இரண்டையும் ஒரே செயலுக்குப் பெயராக வைக்க முடியாது. மேலும் பணக்கடனை ஒருவருக்காக இன்னொருவர் அடைக்கலாம், தண்டனையை அப்படி மாற்றிக்கொடுக்க எந்த நீதியும் ஒப்பாது. 1617இல் பதிலெழுதிய ஹ்யூகோ குரோத்தியு சட்ட அறிஞர். கடவுளைக் கடன் கொடுத்தவராக அல்ல, ஆட்சியாளராகப் பார்க்க வேண்டும் என்றார்: ஆட்சியாளர் சட்டத்தைத் தளர்த்தலாம், ஆனால் சட்டத்தின் மதிப்பு குலையாதபடி ஒரு பொது எச்சரிக்கை வேண்டும், அதுவே சிலுவை. குற்றமற்ற ஒருவரை எச்சரிக்கைக்காகத் துன்புறுத்துவது எந்த நல்லாட்சிக்கு அழகு என்ற கேள்வியை இந்தப் பதில் கிளப்பிவிடுகிறது. சொசினுவின் கத்தியை இன்றுவரை யாரும் முழுதாக மழுக்கவில்லை. கிறிஸ்து மூன்றாம் ஆளல்ல, கடவுளே. ஆகவே தண்டனை யாருக்கும் மாற்றிக்கொடுக்கப்படவில்லை, தீர்ப்பளித்தவரே தீர்ப்பைச் சுமந்தார் என்ற பதில்தான் இதுவரை வந்த பதில்களுள் சிறந்தது. இருபதாம் நூற்றாண்டில் கார்ல் பார்த் அதைத்தான் விரிவாக எடுத்துச்சென்றார்.

இரக்கமே மிஞ்சும்

தோமா அக்குவினா கேள்வியின் கோணத்தையே திருப்பினார். அவருடைய இறையியல் தொகுப்பின் முதல் பகுதி, 21ஆம் கேள்வியில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. நூறு வெள்ளிக்காசு தர வேண்டியவருக்கு ஒருவர் தம் சொந்தப் பணத்திலிருந்து இருநூறு தந்தால் அவர் நீதிக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. நீதியைத் தாண்டிப் போகிறார். இரக்கம் நீதியின் பகையல்ல, நீதியின் நிறைவு. இன்னும் ஆழமாக, படைப்பு யாருக்கும் பட்ட கடனல்ல என்பதால், யாருக்கு எது உரியது என்ற நீதிக் கணக்கு தொடங்கும் முன்பே இரக்கம் அங்கே இருக்கிறது என்கிறார். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், மாலையில் வந்த கூலியாளுக்கும் முழுநாள் கூலி கொடுக்கும் திராட்சைத் தோட்ட உரிமையாளரின் கதைக்கு இதைவிடத் தெளிவான உரை கிடைப்பது கடினம்.

இந்த வழியில் மிகத் தொலைவு போனவர் மேற்குலகைச் சேர்ந்தவரல்ல. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய கத்தார் பக்கத்துப் பேத் கத்ராயே பகுதியிலிருந்து வந்த ஈசாக்கு என்ற சிரிய மொழித் துறவியைக் கிழக்குத் திருச்சபை நினிவேயின் ஆயராக்கியது. ஐந்தே மாதத்தில் பதவியை விட்டு மலைக்குப் போய்விட்டார். பிற்கால மரபுக்கதை ஒன்று அதற்குக் காரணம் சொல்கிறது: கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் அவரிடம் வழக்குக்கு வந்தார்கள்; அவகாசம் கொடு என்று நற்செய்தியைச் சுட்டி ஆயர் சொன்னார்; நற்செய்தியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் என்றான் கடன் கொடுத்தவன்; அப்படியானால் எனக்கு இங்கே என்ன வேலை என்று ஆயர் கிளம்பிவிட்டார். கதை உண்மையோ புனைவோ, அவர் எழுத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. இரக்கமும் கணக்குப் பார்க்கும் நீதியும் ஒரே உள்ளத்தில் தங்கமாட்டா என்று அவர் எழுதினார். ஊதாரி மகனையும் மாலைக் கூலியாளையும் காட்டி, இந்தக் கடவுளை எப்படி நீதிபதி என்று அழைப்பது என்று கேட்டார். அவருடைய எழுத்தின் இரண்டாம் தொகுதி தொலைந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1983இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் செபாஸ்தியன் புரோக் கண்டெடுத்தார். 1995இல் பதிப்பாகி வந்த அதன் பகுதிகளில், நரகத்தின் நோக்கமும் இரக்கமே, அதற்கும் ஒரு முடிவு உண்டு என்ற கருத்து ஒளிவுமறைவின்றி இருக்கிறது.

ஈசாக்கு எழுதியது துறவிகளுக்காக. தன்னைப் பெரும் பாவியாக எண்ணிக் குகையில் அழும் மனிதருக்கு, கடவுள் கணக்குப் பார்ப்பதில்லை என்று சொல்வது மருந்து. அந்த மரபுக்கதையில் கடன் கொடுத்தவன் கொடுமைக்காரனாக வருவதால் ஆயரின் பக்கம் நிற்பது நமக்கு எளிதாக இருக்கிறது. கடன் கொடுத்தது ஓர் ஏழை விதவை, வாங்கி ஏமாற்றியது ஊர்ப் பெரிய மனிதர் என்று மாற்றிப் பார்த்தால், ஆயர் எழுந்து மலைக்குப் போனது அத்தனை பெருமையாகத் தெரியாது.

வழக்கில் இல்லாத மூன்றாமவர்

அக்குவினாவின் எடுத்துக்காட்டிலும் இதே சிக்கல்தான். சொந்தப் பணத்தைக் கூடுதலாகக் கொடுப்பவரை யாரும் குறைசொல்ல முடியாது. அடுத்தவருக்கு நேர்ந்த இழப்பைத் தாராளமாக மன்னிப்பவரை என்ன சொல்வது? அக்குவினா இதைக் காணாமல் விடவில்லை. தொகுப்பின் மூன்றாம் பகுதி, 46ஆம் கேள்வியில் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லும்போது, பிறருக்கு எதிராகச் செய்யப்பட்ட குற்றத்தை ஈடு பெறாமல் விட்டுவிடும் நீதிபதி நீதி தவறியவர் என்று தெளிவாக ஒப்புக்கொள்கிறார். கடவுளுக்கு மேலே யாருமில்லை, அவரே அனைத்துக்கும் பொது நன்மை, பாவம் பாவமாவது அவருக்கு எதிரானது என்பதாலேயே. ஆகவே தமக்கு நேர்ந்ததை மன்னிப்பவரைப் போல அவர் யாருக்கும் அநீதி செய்யாமல் மன்னிக்கலாம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் சான்று 51ஆம் சங்கீதம். உமக்கு மட்டுமே விரோதமாகப் பாவம் செய்தேன் என்ற பொருள்படத் தாவீது பேசும் இடம் அது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கிறிஸ்தவ மரபில் பாவ அறிக்கையின் முதுகெலும்பே அந்தச் சங்கீதம்தான். கடவுளின் தீர்ப்பு சரியே என்று தாழ்மையோடு ஏற்று, அதே மூச்சில் அவர் இரக்கத்தைக் கேட்டு, மன்னிக்கப்பட்ட நாவால் அவர் நீதியைப் பாடுவேன் என்று வாக்களிக்கும் பாட்டு. அதன் தலைப்பு, பத்சேபாளிடம் தாவீது சென்ற பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்தபோது பாடியது என்கிறது. அப்படியானால் அந்தப் பாவத்தால் செத்தவன் உரியா. போர்முனையில் படையைப் பின்வாங்கச் சொல்லி அவனைத் தனியாக விட்டுக் கொல்லச் செய்த கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பியவர் தாவீது. அவன் மனைவி பத்சேபாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறந்த குழந்தையும் இறந்தது. இவர்கள் யாருடைய பெயரும் சங்கீதத்தின் உடலில் இல்லை. எல்லாப் பாவமும் இறுதியில் கடவுளுக்கு எதிரானதே என்ற உயர்ந்த உணர்வை அந்த வரி தருகிறது என்பது உண்மைதான். அதே வரி உரியாவை வழக்கிலிருந்து நீக்கிவிடுகிறது என்பதும் உண்மை. நீதியும் இரக்கமும் அழகாகக் கைகோத்துக்கொள்வது, பாதிக்கப்பட்டவர் அறையில் இல்லாதபோதுதான் என்ற சந்தேகத்துக்கு இதுவே பலமான ஆதாரம். ஆன்செல்ம், கால்வின், சொசினு, குரோத்தியு எல்லோருடைய வாதத்தையும் இந்தச் சந்தேகத்தோடு திரும்பப் படிக்கலாம். கடன் பட்டது கடவுளிடம், மதிப்பு போனது கடவுளுக்கு, சட்டம் கடவுளுடையது. உரியா எங்கும் சாட்சிக்கூண்டில் ஏறுவதில்லை.

தாழ்மையின் எல்லை

தாழ்மையோடு ஏற்பது என்பதை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோனவர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1515–16இல் உரோமர் நிருபத்துக்கு விரிவுரை ஆற்றிய இளம் லூத்தர், கடவுளின் சித்தம் அதுவானால் நரகத்துக்கும் தன்னை ஒப்புக்கொடுக்கும் நிலையை அன்பின் உச்சப் படியாகக் காட்டினார். பிரான்சில் பேராயர் ஃபெனலோன் 1697இல் எழுதிய நூலில், கைம்மாறு கருதாத தூய அன்பு தன் மீட்பையே கைவிடத் துணியும் என்ற அளவுக்குப் போனார். 1699இல் போப் பன்னிரண்டாம் இன்னொசென்ட் அந்நூலின் 23 கூற்றுகளைக் கண்டித்தார். நம்பிக்கையையே துறக்கச் சொல்லும் தாழ்மை தாழ்மையல்ல என்பதே கண்டனத்தின் உட்பொருள். அது நியாயமான கண்டனம்தான். அமெரிக்காவின் நியூபோர்ட் நகரப் போதகர் சாமுவேல் ஹாப்கின்சும் கடவுளின் மகிமைக்காகத் தான் அழியவும் இசைய வேண்டும் என்று போதித்தவர். இதே ஹாப்கின்ஸ், அடிமை வணிகத்தால் கொழுத்த அந்தத் துறைமுக நகரத்தில் நின்றுகொண்டு, 1776இல் ஆப்பிரிக்கர்களை அடிமைப்படுத்துவதைக் கண்டித்து நூல் வெளியிட்டார். தனக்கு வரும் தண்டனையை ஏற்கச் சொன்னவர், அடுத்தவர் கழுத்துச் சங்கிலியைக் கடவுள் சித்தமென்று ஏற்கச் சொல்லவில்லை. இறையியல் வரலாற்றில் அவர் கேலிக்கு ஆளானது முதல் விஷயத்துக்காக; இரண்டாவது விஷயத்தோடு சேர்த்துப் பார்த்தால் அவர் பலரைவிடத் தெளிவானவர்.

யோபுவின் நூல் இந்த எல்லையைக் கதையாகவே வரைந்துவைத்திருக்கிறது. நண்பர்கள் மூவரும் கடவுளின் நீதியைப் புகழ்கிறார்கள். தனித்தனியாக எடுத்தால் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சங்கீதங்களில் பாடத்தக்கது. யோபுவோ கடவுளை வழக்குக்கு இழுக்கிறார். 42ஆம் அதிகாரத்தில் கடவுள் கடிந்துகொள்வது நண்பர்களை. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். நீதியைப் புகழ்ந்தவர்கள் தவறாகப் பேசினார்கள், முறையிட்டவர் சரியாகப் பேசினார் என்றால், புகழ்ச்சியின் உண்மை அதன் சொற்களில் மட்டும் இல்லை. யார், யாருடைய துன்பத்தைப் பற்றிச் சொல்கிறார் என்பதிலும் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது நியாயமே என்று குற்றவாளி சொன்னால் அது பாவ அறிக்கை. உனக்குக் கிடைத்தது நியாயமே என்று நோயாளியின் படுக்கையருகே சொன்னால் அது பழிசுமத்தல்.

கீழிருந்து வந்த பதில்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றாமவர் தாமே பேசத் தொடங்கினார். பெரு நாட்டின் குஸ்தாவோ குத்தியேரஸ் 1986இல் யோபுவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். குற்றமற்றோர் துன்புறும் இடத்திலிருந்து கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்பது அதன் கேள்வி. அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் 2011இல் சிலுவையையும் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்ட மரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இவர்களுக்குச் சிலுவை கடன் தீர்க்கும் இடமல்ல. பாதிக்கப்பட்டவரோடு கடவுள் நிற்கும் இடம்.

தமிழ்நாட்டில் இந்தத் திருப்பத்துக்குத் தனி வரலாறு உண்டு. எண்பதுகளில் பெங்களூரில் தலித் இறையியலுக்குக் குரல் கொடுத்து, பிறகு சென்னைக் குருகுல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் அதை ஒரு துறையாக வளர்த்தவர் அரவிந்த் நிர்மல். முதற்பலன் காணிக்கையின்போது இஸ்ரவேலர் சொல்லும் உபாகமம் 26ஆம் அதிகார அறிக்கையை அவர் தலித்துகளின் வரலாற்று அறிக்கையாக வாசித்தார். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாட்டு முறைகளை அமைத்தார். சாதியக் கிராமத்தில் தாழ்மை என்பது ஆன்மிகப் பண்பாக மட்டும் இருப்பதில்லை. துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நிற்கச் சொல்வதும் தாழ்மையின் பெயரில்தான் நடந்தது. அங்கே போய், உன் நிலையைக் கடவுளின் நீதியாகத் தாழ்மையோடு ஏற்றுக்கொள் என்று சொல்லும் பிரசங்கம், யோபுவின் நண்பர்களுடைய பிரசங்கம்தான்.

தென்னாப்பிரிக்காவில் இதே சண்டை வெளிப்படையாகவே நடந்தது. 1985இல் வெளியான கைரோஸ் ஆவணம், அநீதி தொடரும்போது ஒப்புரவு பற்றி மட்டும் பேசும் சபை இறையியலைக் கடுமையாகச் சாடியது. பத்தாண்டுகள் கழித்து, நிறவெறி ஆட்சி முடிந்த பின், பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் அமைந்தது. அரசியல் நோக்கத்தில் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தினால் பொதுமன்னிப்பு உண்டு. மனம் வருந்த வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் இதை எதிர்த்து 1996இல் அரசியல் சாசன நீதிமன்றம் சென்றார்கள்; தோற்றார்கள். டூட்டுவின் பெருந்தன்மையை உலகம் போற்றியது சரியே. அந்தக் குடும்பத்தின் மறுப்பை இரக்கமின்மை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பதும் சரி. மன்னிப்பைத் தேசமே அறிவித்தபோது அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

மறுப்புகள் இரண்டு

குற்றவாளி, பாதிக்கப்பட்டவர் என்று மனிதரை இரண்டாகப் பிரிப்பது செயற்கையானது, எல்லோரும் இரண்டுமே என்பது முதல் மறுப்பு. உண்மை. இதற்கு நினிவேயே சாட்சி. சிரிய மரபுச் சபைகள் பெரிய நோன்புக்குச் சில வாரங்கள் முன் நினிவே மக்களின் மூன்று நாள் நோன்பை அனுசரிக்கின்றன. கேரளத்தின் குறவிலங்காட்டில் அந்நாட்களில் யோனாவின் கடற்பயணத்தை நினைவூட்டிக் கப்பல் பவனி நடக்கிறது. இந்த நோன்பில் மக்கள் யோனாவின் இடத்தில் நிற்பதில்லை. மன்னிப்புக் கேட்கும் நகரத்தாரின் இடத்தில் நிற்கிறார்கள். ஈராக்கின் நினிவே சமவெளியில் தலைமுறை தலைமுறையாக இந்த நோன்பை இருந்த கிறிஸ்தவர்கள், 2014 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஐ.எஸ். படையால் வீடு வாசல் இழந்து துரத்தப்பட்டார்கள். அதே ஜூலையில் மோசுலில் யோனாவின் பெயரால் இருந்த நினைவிடமும் தகர்க்கப்பட்டது. ஒரே மக்கள் ஒரு வழக்கில் மனந்திரும்பும் நினிவேயராகவும், இன்னொரு வழக்கில் நினிவேயரால் அடிபட்டவர்களாகவும் நிற்கலாம். ஆனால் மறுப்பு இதனால் வெல்வதில்லை. ஒருவர் இரண்டுமாக இருப்பது, அந்தந்த வழக்கில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அழித்துவிடாது. எல்லோரும் பாவிகளே என்ற பொதுச்சொல், குறிப்பிட்ட ஒரு கொலையில் கொன்றவரையும் செத்தவரையும் சமமாக்குவதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பாதிக்கப்பட்டவரை மையத்தில் வைத்தால் புகழ்ச்சியின் இடத்தைப் பழிவெறி பிடித்துக்கொள்ளாதா? வெளிப்படுத்தல் நூலில் பலிபீடத்தின் கீழே இருக்கும் ஆன்மாக்கள் எதுவரைக்கும் என்று கேட்டுக் கதறுகின்றன; சில சங்கீதங்கள் சாபமிடுகின்றன. 1971இல் கத்தோலிக்கச் சபை தன் திருப்புகழ்மாலையைப் புதுப்பித்தபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களை முழுவதுமாக விட்டுவிட்டது. பக்தர்களின் மனச்சங்கடத்தைக் கருதிச் செய்த மாற்றம் என்பது புரிகிறது. ஆயினும் அதன் விலை பெரிது: தாவீது மன்னிப்புக் கேட்கும் பாட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒலிக்கிறது, உரியா பேசக்கூடிய பாட்டு நீங்கிவிட்டது. குரோவாசியாவைச் சேர்ந்த மிரோஸ்லாவ் வோல்ஃப், யூகோஸ்லாவியப் போர்களின் பின்னணியில் 1996இல் எழுதியது இங்கே உதவுகிறது. தீர்ப்பு கடவுளுடையது என்று நம்புவதே பழிவாங்கும் வாளைக் கீழே வைக்க மனிதருக்கு வழி தருகிறது. தீர்ப்பே இல்லாத அன்பைப் போதிப்பது போர் பார்க்காத அமைதியான ஊர்களின் சொகுசு என்பது அவர் வாதம். ஆகவே அடிபட்டவர் நீதியைப் புகழ்வது பழிவெறியாகத்தான் முடியும் என்று சொல்வதற்கில்லை. அது பழியைத் தன் கையிலிருந்து இறக்கிவைக்கும் செயலாகவும் இருக்கலாம்.

முடிவாகாதவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது இது. குற்றவாளி தன் வழக்கில் நீதியை ஏற்று இரக்கத்தைப் போற்றுவதற்கு அக்குவினாவின் விளக்கமும் பார்த்தின் விளக்கமும் போதிய அடித்தளம் தருகின்றன. அங்கே முரண்பாடு ஏதுமில்லை. அந்தப் போற்றுதலை இன்னொருவர் மீது கடமையாகச் சுமத்த மரபே இடம் தரவில்லை. யோபு அதற்குச் சாட்சி. இதற்கு அப்பால் இரண்டு விஷயங்கள் திறந்தே இருக்கின்றன.

ஒன்று, இரக்கத்தின் எல்லை. நீசாவின் கிரெகோரியும் ஈசாக்கும் எல்லோரும் மீட்கப்படுவர் என்று எண்ணினார்கள். 1986இல் ஹான்ஸ் உர்ஸ் ஃபோன் பல்தாசார், அதை உறுதியாகப் போதிக்க முடியாது, நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம் என்றார். 2019இல் டேவிட் பென்ட்லி ஹார்ட் உறுதியாகவே சொல்லலாம் என்று வாதிட்டார். மறுப்போர் மனிதச் சுதந்திரத்தைச் சுட்டுகிறார்கள். இரு தரப்பும் பெரும்பாலும் இருவர் வழக்கையே பேசுகின்றன. தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் கேட்டது வேறு: வேட்டை நாய்களுக்கு ஒரு பிள்ளையைப் பலியிட்டவனை, அந்தப் பிள்ளைக்காகவும் சேர்த்து மன்னிக்க அதன் தாய்க்கு உரிமை உண்டா?

மற்றொன்று, அந்த உரிமை பற்றியது. யோனாவின் நூலை யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் வாசிக்கிறார்கள். அந்த நாள் கடவுளுக்கு எதிரான பாவங்களைத்தான் நீக்கும். அயலாருக்கு எதிரானவற்றை அவரைச் சமாதானப்படுத்தும் வரை நீக்காது என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி. கிறிஸ்தவ மரபும் திருடியதைத் திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்பு நிறைவடையாது என்று நெடுங்காலம் போதித்துவந்திருக்கிறது. பணத்தைத் திருப்பிவிடலாம், உரியாவை முடியாது. செத்தவரிடம் யார் சமாதானம் பேசுவது? இறுதித் தீர்ப்பு கடவுளுக்கும் தனிமனிதருக்கும் இடையே மட்டும் நடப்பதல்ல, மனிதர் ஒருவரையொருவர் எதிர்கொண்டு ஒப்புரவாகும் நிகழ்வாகவும் இருக்க வேண்டும் என்று வோல்ஃப் பின்னர் எழுதினார். மூன்றாமவரை வழக்குக்குள் கொண்டுவரும் யோசனைகளில் இதுவே மிகுந்த பயனுள்ளதாகத் தோன்றுகிறது. அங்கே உரியா மறுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அதுவும் சொல்லவில்லை. மறுக்க அவருக்கு இடமில்லை என்றால் அது ஒப்புரவாகாது. இடமுண்டு என்றால் கடவுளின் இரக்கம் ஒரு மனிதரின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறது என்றாகும். இந்த இரண்டாவது சாத்தியத்தை முழுதாக ஆராய்ந்த பாவநிவாரணக் கோட்பாடு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.